காதிரைச்சல்: மாத்திரையா, மெஷினா, மனப் பயிற்சியா?

ஈ.என்.டி. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாயிற்று. சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனையும் எடுத்தாயிற்று. "பயப்பட ஒன்றுமில்லை, நரம்பு கொஞ்சம் வீக், பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்தால் காது மெஷின் விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். வீட்டில் பெரியம்மா நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சிக் காதில் விடச் சொல்கிறார். செல்போனைத் திறந்தால் இரைச்சலை அடியோடு நிறுத்தித் தருவதாக விளம்பரம். இந்த இடத்தில் நின்றுகொண்டுதான் பலரும் கேட்கிறார்கள்: எதில் பணத்தைப் போடுவது?

"பழகிக்கொள்ளுங்கள்" என்பது தவறான அறிவுரை இல்லை. எப்படி என்று சொல்லாமல் விடுவதுதான் குறை. 2022-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, வயது வந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு, வெளியே சத்தம் இல்லாமலேயே கேட்கும் இந்தக் காதிரைச்சல் (ஆங்கிலத்தில் டின்னிடஸ்) இருக்கிறது. ஆனால் அது கடுமையான தொல்லையாக இருப்பது சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களும் அதே 'கொய்ங்' சத்தத்தோடுதான் வேலைக்குப் போகிறார்கள், தூங்குகிறார்கள். எனக்கும் உண்டு. இதை எழுதும்போது கேட்கிறது, ஏனென்றால் இதைப் பற்றி எழுதுகிறேன்.

## ஒப்பிடுவதற்கு முன்

சிலர் இன்னும் ஒப்பிடும் கட்டத்துக்கே வரவில்லை. ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்றாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று கேட்டாலும், தலைசுற்றல், முகம் கோணுதல், காதில் சீழ் ஆகியவற்றில் ஏதாவது கூட இருந்தாலும் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். திடீரென்று ஒரு காது மந்தமாகி இரைச்சல் தொடங்கினால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் கேட்கும் திறன் மீள வாய்ப்பு அதிகம். 'சளியாக இருக்கும், பார்க்கலாம்' என்று ஒரு வாரத்தைக் கடத்திவிடக் கூடாது.

வேறு இரண்டு எளிய காரணங்களும் உண்டு. ஒன்று, காதுக் குறும்பி. பட்ஸ் போட்டுக் குடைந்து உள்ளே தள்ளி வைத்திருப்போம், டாக்டர் எடுத்துவிட்டால் முடிந்தது. இன்னொன்று, மருந்து. அதிக அளவு ஆஸ்பிரின், காசநோய்க்குப் போடும் அமிகாசின் போன்ற ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், குயினைன் எல்லாம் இரைச்சலைக் கொண்டுவரக் கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

எல்லோரும் முதலில் கேட்பது, "சத்தம் குறையுமா?" என்றுதான். இந்த அளவுகோலை நான் வேண்டுமென்றே கீழே தள்ளுகிறேன்.

காரணம் இது. உட்செவியில் உள்ள மயிர் செல்கள் சேதமாகி மூளைக்குப் போகும் ஒலித் தகவல் குறையும்போது, மூளை தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டி வைக்கிறது. அந்தக் கூட்டலே இரைச்சலாகக் கேட்கிறது என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வெளியிலிருந்து ஓர் ஒலியைக் கொடுத்து "உங்கள் இரைச்சல் இந்த அளவா?" என்று பொருத்திப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு அது காது கேட்கத் தொடங்கும் எல்லையிலிருந்து சில டெசிபெல் மேலேதான் வருகிறது. தூக்கமே போய்விட்டவருக்கும் அப்படித்தான், கண்டுகொள்ளாமல் திரிபவருக்கும் அப்படித்தான். அளவு ஒன்றாக இருந்தும் ஒருவர் துடிப்பதற்கும் இன்னொருவர் சும்மா இருப்பதற்கும் காரணம், மூளை அதற்கு ஒட்டியிருக்கும் முத்திரை. 'ஆபத்து' என்று முத்திரை விழுந்தால் கவனம் அங்கேயே நிற்கும். கவனம் நிற்க நிற்கச் சத்தம் பெரிதாகத் தோன்றும், பயம் கூடும், தூக்கம் போகும், தூக்கம் போனால் மறுநாள் சத்தம் இன்னும் பெரிது.

ஆகவே என் அளவுகோல்கள் இவை: உங்களை வாட்டுவது தூக்கமா, காது மந்தமா, பயமா என்பதில் அந்த வழி எதைத் தொடுகிறது? அதற்குச் சான்று எவ்வளவு? பலன் தெரிய எவ்வளவு காலம்? பில்லில் வராத செலவு என்ன? பலிக்காவிட்டால் இழப்பில்லாமல் திரும்பி வர முடியுமா?

பலனை அளக்க ஒரு கருவியும் இருக்கிறது. 1996-இல் வெளியான 'டின்னிடஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி' என்ற 25 கேள்விகள் கொண்ட படிவம். 0 முதல் 100 வரை மதிப்பெண். செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் கேட்டால் கிடைக்கும். எதைத் தொடங்கினாலும் அதற்கு முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். இதில் வரும் கேள்விகள் தூக்கம், எரிச்சல், கவனம், வீட்டாருடனான உறவு போன்றவை. தினமும் காதைக் கூர்ந்து கேட்டு "இன்று கூடுதலா, குறைவா?" என்று பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

## வழி 1: சும்மா விட்டுவிடுவது

இதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும். புதிதாக இரைச்சல் வந்த பலருக்கும் மாதங்கள் போகப் போகத் தொல்லை தானாகவே தணிகிறது. தண்டவாளத்தை ஒட்டிக் குடிவந்தவர் முதல் வாரம் ஒவ்வொரு ரயிலுக்கும் விழித்துக்கொள்வார், பிறகு ரயில் போனதே தெரியாமல் தூங்குவார் இல்லையா, அந்த வேலையைத்தான் மூளை இங்கும் செய்கிறது. செலவு கிடையாது.

மறைந்திருக்கும் செலவு, 'சும்மா' என்ற பெயரில் நாம் செய்பவை. நள்ளிரவில் இணையத்தில் தேடுவது. அமைதியான அறைக்குப் போய்ச் சத்தம் இருக்கிறதா என்று சோதிப்பது. அமைதியில் உற்றுக் கேட்டால் யாருக்கும் ஏதாவது கேட்கும்: 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் நல்ல செவித்திறன் உள்ள 80 பேரை ஒலிபுகா அறையில் உட்கார வைத்தபோது, 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். எப்போதும் காதில் பஞ்சோ இயர்பிளக்கோ வைத்துக்கொள்வது இன்னும் மோசம். வெளி ஒலி குறையக் குறைய மூளை மேலும் கூட்டி வைக்கும். கல்யாண மண்டபத்தின் ஸ்பீக்கர் அருகிலும் பட்டாசு வெடிக்கும் இடத்திலும் இயர்பிளக் அவசியம். வீட்டு ஹாலில் அவசியமில்லை.

வந்து சில வாரங்களே ஆகின்றன, தூக்கம் பெரிதாகக் கெடவில்லை என்றால் இதுவே போதும்.

## வழி 2: மாத்திரை, சத்து மாத்திரை, எண்ணெய்

காதிரைச்சலைக் குணப்படுத்தும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இல்லை. அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர் கழகத்தின் 2014 வழிகாட்டுதல், ஜிங்கோ என்ற மூலிகை, மெலடோனின், துத்தநாகம் போன்றவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. நம் ஊர்ச் சீட்டுகளில் அடிக்கடி காணும் பீட்டாஹிஸ்டினை இரைச்சலுக்காகக் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020-இல் சொன்னது. தலைசுற்றலோடு வரும் மெனியர் நோய்க்கு அதைக் கொடுப்பது வேறு கதை.

மாத்திரையின் விலை குறைவுதான். அதில் போகும் மாதங்கள்தான் விலை. ஒன்று பலிக்கவில்லை என்று அடுத்தது, அப்புறம் அடுத்த டாக்டர். ஒவ்வொரு முறையும் நம்பிக்கை ஏறி இறங்கும்போது கவனம் காதிலேயே கட்டிப்போடப்படுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் ஜிங்கோவும் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு. காது ஜவ்வில் ஓட்டை இருப்பவருக்கு எண்ணெய் கூடவே கூடாது. ஓட்டை இருக்கிறதா என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது.

தனியாகச் சொல்ல வேண்டியது அல்பிரசோலம், குளோனசெபம் வகைத் தூக்க, பதற்ற மாத்திரைகளைப் பற்றி. முதல் சில இரவுகள் அருமையாகத் தூக்கம் வரும், அதனால்தான் சிக்கல். வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடல் அதற்குப் பழகிவிடும். சட்டென்று நிறுத்தினால் பதற்றம் திரும்பும், இரைச்சலே கூடவும் செய்யும். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாத்திரைக்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது. மனச்சோர்வோ கடுமையான பதற்ற நோயோ சேர்ந்திருந்தால், மனநல மருத்துவர் தரும் மருந்து அந்த நோய்க்கு வேலை செய்யும். அது தணிந்தால் இரைச்சலைத் தாங்கும் தெம்பும் வரும்.

## வழி 3: பின்னணி ஒலி

நம் வீட்டு சீலிங் ஃபேன் இந்தச் சிகிச்சையை இலவசமாகவே செய்துகொண்டிருக்கிறது. கரன்ட் போன இரவில்தான் பலரும் தங்கள் இரைச்சலை முதன்முதலாகக் கவனிக்கிறார்கள். மழைச் சத்தம், கடல் அலை, வெள்ளை இரைச்சல் என்று செயலிகளில் கிடைப்பவையும் இதே வகை.

சான்று சுமார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் 8 ஆய்வுகள், 590 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒலிக் கருவிகள் மற்றவற்றைவிட மேலானவை என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. பாவெல் யாஸ்ட்ரெபாஃப் உருவாக்கிய டி.ஆர்.டி. முறை, ஒலிக் கருவியையும் ஆலோசனையையும் சேர்த்து மாதக்கணக்கில் தருவது. அமெரிக்க ராணுவத் தொடர்புடைய 151 பேரிடம் அதைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். முழு டி.ஆர்.டி. பெற்றவர்கள், போலி ஒலிக்கருவியோடு ஆலோசனை பெற்றவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்கள் ஆகிய மூன்று குழுக்களும் முன்னேறின. குழுக்களுக்கிடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. விலை உயர்ந்த 'டின்னிடஸ் பேக்கேஜ்' யாராவது சொன்னால் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக ஃபேனை அணைக்க வேண்டாம். தூங்கப் போகும் நேரத்தில் இது தரும் ஆறுதல் உண்மையானது. இரைச்சலை முழுக்க அமுக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டாமல், அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். கேட்காத ஒன்றுக்கு மூளை பழக முடியாது. இலவச வீடியோவைப் போட்டுத் தூங்கினால் நடுராத்திரி இரண்டு மணிக்கு விளம்பரம் அலறும், ஆகவே ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கமும் கணக்கில் சேரும். இயர்போனில் போட்டுக்கொண்டு தூங்குவது வேண்டாம்.

## வழி 4: காது மெஷின்

இங்கே முடிவு ஒரே கேள்வியில் நிற்கிறது: காது மந்தம் இருக்கிறதா? ஆடியோகிராமில் குறைபாடு இருந்தால், இந்தப் பட்டியலில் உங்களுக்கு அதிகம் பயன்படக் கூடியது இதுவாக இருக்கலாம். இழந்த ஒலிகள் மீண்டும் உள்ளே வருவதால் இரைச்சல் பின்னுக்குப் போகிறது. பேச்சைப் பிடிக்கச் சிரமப்பட்டு வரும் களைப்பும் குறைகிறது. பலர் "இரைச்சலால்தான் மற்றவர் பேசுவது புரியவில்லை" என்று நினைப்பார்கள். புரியாததற்குக் காரணம் பெரும்பாலும் மந்தம்தான். குறைபாடே இல்லாதவருக்கு வெறும் இரைச்சலுக்காக மெஷின் போடுவதை வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. வழக்கமான ஆடியோகிராம் 8000 ஹெர்ட்ஸ் வரைதான் அளக்கிறது, அதற்கு மேலே சேதம் இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லியே மெஷினை விற்பவர்களிடம் ஜாக்கிரதை.

விலை ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். அது முதல் நாள் செலவுதான். பட்டன் பேட்டரி ஒரு வாரம், பத்து நாளில் தீரும். ஸ்டிக்கரை உரித்துவிட்டால் போடாமல் வைத்தாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். சார்ஜ் போடும் வகையில் சில ஆண்டுகளில் பேட்டரி தளரும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றும் வியர்வையும் மெஷினுக்குப் பகை, இரவில் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, திரும்பத் திரும்பப் போய் அளவைத் திருத்திக்கொள்ளும் அலைச்சல். அதைச் செய்யாதவர்களின் மெஷின்தான் அலமாரியில் தூங்குகிறது.

இலவச மெஷின் கிடைக்குமா என்று கேட்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுத் திட்டங்களில் உண்டு. ஆனால் 2016 சட்டம் கேட்கும் எல்லை, இரு காதிலும் 60 டெசிபெல் அல்லது அதற்கு மேல் குறைபாடு. இரைச்சலோடு லேசான மந்தம் உள்ளவர் அதற்குள் வர மாட்டார். பரிசோதனையை அரசு மருத்துவக் கல்லூரியின் ஈ.என்.டி. பிரிவில் செய்துகொண்டு, விற்பவரை அப்புறம் தேடினால், அறிக்கையும் விற்பனையும் ஒரே கையில் இருக்காது. கடையில் உங்களைப் பார்ப்பவர் ஆடியாலஜிஸ்ட்தானா, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் என்ன என்று கேளுங்கள். சில நாள் போட்டுப் பார்க்கத் தருவார்களா என்றும் கேளுங்கள். தராத கடையில் வாங்க நான் யோசிப்பேன். இரவில் கழற்றியதும் இரைச்சல் திரும்ப முன்னுக்கு வரும் என்பதையும் எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

## வழி 5: சி.பி.டி. என்னும் மனப் பயிற்சி

எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் இந்தப் பேச்சுச் சிகிச்சைக்குத்தான் சான்று மிகுதி. விற்க ஆள் இல்லாததும் இதற்குத்தான். 2020 காக்ரேன் தொகுப்பு 28 ஆய்வுகள், 2,733 பேரை எடுத்துக்கொண்டு, சிகிச்சை முடியும்போது வாழ்க்கைமீது இரைச்சலின் பாதிப்பு குறைகிறது என்று கண்டது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து என்ன ஆகிறது என்பதற்குத் தரவு குறைவு. சத்தத்தின் அளவு மாறும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

உள்ளே என்ன நடக்கும்? இரைச்சல் கூடிய நேரத்தில் மனதில் ஓடிய வாக்கியத்தை எழுதச் சொல்வார்கள். "இது இப்படியே ஏறி ஒருநாள் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்" என்பது போல. அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று உட்கார்ந்து பார்ப்பார்கள். பயத்தால் கைவிட்ட அமைதியான அறை, தனிமை, புத்தகம் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்க வைப்பார்கள். தூக்கத்துக்குத் தனிப் பயிற்சி: தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்துவிடுவது, எழும் நேரத்தை மாற்றாமலிருப்பது. வாரம் ஒன்றாகச் சில மாதங்கள் போகும். வீட்டுப்பாடம் செய்யாதவருக்குப் பலன் மிகக் குறைவு.

செலவு தனியாரிடம் ஓர் அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று போகும். மொத்தத்தில் சாதாரண மெஷின் ஒன்றின் விலை வந்துவிடும். மறைந்த செலவு இரண்டு. ஒன்று, "எனக்கென்ன மனநோயா?" என்ற கேள்வி, அதை நீங்கள் கேட்காவிட்டாலும் வீட்டில் யாராவது கேட்பார்கள். மற்றொன்று, காதிரைச்சல் தெரிந்த சைக்காலஜிஸ்ட் நம் ஊரில் கிடைப்பது அரிது. இதற்கு ஒரு வழி உண்டு. தூக்கமின்மைக்கோ நோய் பற்றிய பதற்றத்துக்கோ சி.பி.டி. தருபவரிடம் போய், இரைச்சலை விளக்கினால் போதும், அடிப்படை ஒன்றுதான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கும் ஆர்.சி.ஐ. பதிவு இருக்க வேண்டும்.

இணைய வழியிலும் செய்யலாம். ஸ்வீடனில் கெர்ஹார்ட் ஆண்டர்சன் குழு 2002-இலேயே அதன் பலனை வெளியிட்டது. பாதியில் விட்டவர்கள் நிறைய என்பதும் அதிலேயே தெரிந்தது. கட்டுப்பாடு உள்ளவருக்கு மலிவான நல்ல வழி.

## வழி 6: புதுக் கருவிகள்

காதில் ஒலியும் நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் சேர்த்துத் தரும் லெனைர் என்ற கருவிக்கு எஃப்.டி.ஏ. 2023 மார்ச்சில் அனுமதி தந்தது. அதன் முக்கியச் சோதனைகள் போலிக் கருவியோடு ஒப்பிட்டவை அல்ல. விலையோ பல லட்சம். தலைக்கு வெளியே காந்த அலை செலுத்தும் டி.எம்.எஸ். முறையை முன்பு சொன்ன 2014 வழிகாட்டுதல் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காக முயன்று, பணமும் தாராளமாக இருந்தால் பாருங்கள். கடன் வாங்கி வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| வழி | எதைத் தொடும் | சான்று | பலன் தெரிய | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|---|
| சும்மா விடுவது | லேசான, புதிய தொல்லை | பலருக்குத் தானே தணியும் | மாதங்கள் | இணையத் தேடல், காதைச் சோதிக்கும் பழக்கம் |
| மாத்திரை, சத்து மாத்திரை | உடனிருக்கும் மனச்சோர்வு, பதற்றம் | இரைச்சலுக்கு இல்லை | – | வீணாகும் காலம், தூக்க மாத்திரைக்கு அடிமையாதல் |
| பின்னணி ஒலி | தூங்கப் போகும் நேரம் | சுமார் | அன்றே | உடன் படுப்பவரின் தூக்கம் |
| காது மெஷின் | மந்தம், பேச்சுப் புரியாமை | மந்தம் இருந்தால் நன்று | வாரங்கள் | அலைச்சல், பேட்டரி, பராமரிப்பு |
| சி.பி.டி. | பயம், தூக்கம், கவனம் | எல்லாவற்றிலும் மேல் | ஓரிரு மாதம் | வீட்டுப்பாடம், ஆள் தேடுவது |
| புதுக் கருவிகள் | இன்னும் தெளிவில்லை | குறைவு | மாதங்கள் | ஏமாற்றம் |

## யாருக்கு எது?

ஓய்வுபெற்றவர், டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், கூட்டத்தில் பேச்சுப் பிடிபடுவதில்லை, கூடவே இரைச்சல்: மெஷின்தான் முதலில். அதன் பிறகும் பயம் மிஞ்சினால் மற்றதைப் பார்க்கலாம்.

முப்பது வயது, ஆடியோகிராம் நார்மல், இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு நெஞ்சு படபடக்கிறது: மெஷினுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். படுக்கையறையில் மெல்லிய ஒலி, அதோடு சி.பி.டி. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

விசைத்தறி, மில், தவில், பேண்டு என்று சத்தத்திலேயே பிழைப்பவர்: எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் காதுக் காப்பு. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் என்றால், 88-இல் நாலு மணி நேரம்தான் கணக்கு. மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதி. வேலையிடத்தில் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

கையில் பணமே இல்லை என்பவர்: ஃபேன், எழும் நேர ஒழுங்கு, இணையத் தேடலை நிறுத்துவது, அரசு மருத்துவமனையில் ஆடியோகிராம், அங்கேயே மனநலப் பிரிவு. இந்த வரிசையில் தனியாருக்குக் குறைந்தது எதுவும் இல்லை.

"இந்தச் சத்தத்தோடு இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல்" என்ற எண்ணம் வருகிறதென்றால், ஒப்பீடு எதுவும் வேண்டாம். இன்றே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவு எந்நேரமானாலும் டெலி-மானஸ் 14416 எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.